ஒரு மில்லிவோல்ட்டைக் கேட்டவர்



நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். எடிசன், ஃபாரடே, டெஸ்லா எல்லாரைப் பற்றியும் நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. நான் எடுத்துக்கொண்டவர் இன்ஜினியரே கிடையாது, டாக்டர். ஆனால் கால்வனோமீட்டரில் அவர் செய்த வேலையைப் பார்த்தால் நம்ம எலக்ட்ரிக்கல் லேபிலேயே அவர் படத்தை மாட்டி வைக்கலாம். பெயர் வில்லெம் ஐந்தோவன். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்கிறார்களே, அதை மருத்துவ உலகம் நம்பிப் பயன்படுத்தும்படி செய்து கொடுத்தவர் இவர்தான்.

இவரைத் தேர்ந்தெடுக்க வீட்டுக் காரணம் ஒன்றும் உண்டு. என் பெரியப்பாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். கூடவே முழங்கால் வலி. ஊசி குத்தி அந்த ஊசியில் கரண்ட் கொடுக்கிற அக்குபஞ்சர் சிகிச்சை அவருக்கு ஆகுமா, ஆகாதா என்று வீட்டில் பேச்சு வந்தது. டிப்ளமோ படிக்கிறவன் ஆயிற்றே என்று என்னைக் கேட்டார்கள். விடை தேடிப் போனபோது கிடைத்தவர்தான் ஐந்தோவன். அவர் 1927-லேயே இறந்துவிட்டார். உடலுக்குள் வைக்கும் பேஸ்மேக்கரைக் கண்ணால் கண்டவரில்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக் கேள்விக்குப் பாதி விடை அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். முதலில் மனிதரைப் பார்ப்போம்.

ஜாவாவில் பிறந்த பையன்

ஐந்தோவன் 1860-ஆம் ஆண்டு மே 21-ஆம் தேதி ஜாவா தீவில் செமாராங் என்ற ஊரில் பிறந்தார். இன்றைக்கு அது இந்தோனேசியா. அன்றைக்கு டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. அப்பா ராணுவத்தில் டாக்டராக இருந்து, பிறகு அந்த ஊரிலேயே வைத்தியம் பார்த்தவர். ஆறு பிள்ளைகளில் இவர் மூன்றாவது. ஆண் பிள்ளைகளில் மூத்தவர். இவருக்கு ஆறு வயது ஆனபோது அப்பா இறந்துபோனார். நான்கு வருஷம் கழித்து, 1870-இல், அம்மா ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறி ஹாலந்து வந்து யூட்ரெக்ட் நகரில் குடியேறினார்.

அப்பா வழியிலேயே டாக்டராக வேண்டும் என்ற எண்ணத்தோடு யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே வெறும் புத்தகப் புழுவாக இருந்தார் என்று நினைக்காதீர்கள். உடற்பயிற்சி, வாள்வீச்சுச் சங்கத்துக்குத் தலைவர். மாணவர் படகுக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். சங்க வேலை பார்த்தால் படிப்பு போய்விடும் என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்களுக்கு இவரைக் காட்டலாம்!

ஒருமுறை உடற்பயிற்சியின்போது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். சும்மா இருந்தாரா? முன்கை எப்படி உள்ளேயும் வெளியேயும் திரும்புகிறது என்று ஆராய்ந்து கட்டுரை எழுதிவிட்டார். 1885-இல் டாக்டர் பட்டம். அதே வருஷம் லைடன் பல்கலைக்கழகம் அவரை உடலியங்கியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்தது, 1886-இல் பொறுப்பேற்றார். அப்போது வயது 25. அதன்பின் சாகும்வரை லைடன்தான்.

பாதரசக் குழாயோடு மல்லுக்கட்டு

இதயம் துடிக்கும்போது மின்சாரம் உண்டாகிறது என்பது ஐந்தோவனுக்கு முன்பே தெரிந்த விஷயம். ஆனால் நெஞ்சைத் திறக்காமல், தோலின் மேலிருந்து அதைப் பதிவு செய்ய முடியுமா? 1887-இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் முடியும் என்று காட்டினார். அவர் பயன்படுத்தியது லிப்மன் கண்டுபிடித்த நுண்குழல் மின்னளவி. மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாதரசம், அதைத் தொட்டுக்கொண்டு கந்தக அமிலம். வோல்ட்டேஜ் மாறினால் பாதரச விளிம்பு கொஞ்சம் ஏறும், இறங்கும். அந்த அசைவைப் படம் பிடிப்பார்கள். வாலர் தன் நாயின் கால்களை உப்புத் தண்ணீரில் நிற்க வைத்துக்கூட இதைச் செய்து காட்டியிருக்கிறார்.

1889-இல் ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகரில் நடந்த உடலியங்கியல் மாநாட்டில் வாலரின் செயல்விளக்கத்தை ஐந்தோவன் பார்த்தார். பார்த்ததும் குறையைப் பிடித்துக்கொண்டார். பாதரசம் கனமானது. இதயத்தின் சிக்னல் சட்டென்று ஏறி இறங்கும். பாதரசமோ ஆடி அசைந்து பின்னால் வரும். நம்ம மொழியில் சொன்னால் கருவியின் ரெஸ்பான்ஸ் போதாது. தோலின் மேல் கிடைக்கும் இதய சிக்னலே சுமார் ஒரு மில்லிவோல்ட்தான். அதையும் மொக்கையாகக் காட்டினால் டாக்டர் எதை நம்பி நோய் சொல்வது?

ஐந்தோவன் முதலில் கணக்கைக் கையில் எடுத்தார். கருவி எவ்வளவு பின்தங்குகிறது என்று அளந்து, கிடைத்த வளைகோட்டிலிருந்து உண்மையான வளைகோட்டைக் கணக்குப் போட்டு வரைந்தார். அப்படித் திருத்தி வரைந்த படத்தின் மேடு பள்ளங்களுக்கு 1895-இல் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தாலும் அதே ஐந்து எழுத்துதான்.

ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் உட்கார்ந்து கணக்குப் போட முடியுமா? கருவியையே மாற்றினால்தான் உண்டு என்ற முடிவுக்கு வந்தார்.

நூல் கால்வனோமீட்டர்

நம்ம லேபில் உள்ள டி'ஆர்சன்வால் கால்வனோமீட்டரை நினைத்துப் பாருங்கள். காந்தப் புலத்துக்குள் ஒரு சுருள். கரண்ட் ஓடினால் சுருள் திரும்பும். சுருளுக்கு எடை உண்டு, அதனால் வேகம் வராது. ஐந்தோவன் சுருளையே தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு நூலை நிறுத்தினார். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய குவார்ட்ஸ் இழை. கரண்ட் ஓட வேண்டும் என்பதற்காக மேலே வெள்ளிப் பூச்சு. அது ஒரு பெரிய மின்காந்தத்தின் இரண்டு துருவங்களுக்கு நடுவே தொங்கும். கரண்ட் வந்தால் நூல் பக்கவாட்டில் விலகும். ஃபிளெமிங்கின் இடக்கை விதி, அவ்வளவுதான்! நூலின் நிழலை ஆர்க் விளக்கு வெளிச்சத்தில் பல நூறு மடங்கு பெரிதாக்கி, நகரும் போட்டோ தகட்டில் விழச் செய்தார்.

அந்த இழையைச் செய்த விதம் இன்னும் வேடிக்கை. குவார்ட்ஸை உருக்கி, அதை அம்பின் வாலில் ஒட்டி, வில்லிலிருந்து எய்வார்கள். அம்பு பறக்கும்போது பின்னாலேயே இழை நீண்டுகொண்டு போகும். இங்கிலாந்தின் சி. வி. பாய்ஸ் காட்டிய வழி இது. பிரான்சில் கிளெமென்ட் ஆடர் என்பவர் 1897-இல் கடலடித் தந்திக்காகக் கம்பியை வைத்து ஏறக்குறைய இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்திருந்தார். ஆனால் இதயத்தின் ஒரு மில்லிவோல்ட்டைப் பிசகாமல் வரைகிற நுட்பம் ஐந்தோவன் கருவிக்குத்தான் வந்தது. 1901-இல் அதைப் பற்றிய முதல் கட்டுரை வெளிவந்தது.

கருவியின் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 270 கிலோ! காந்தம் சூடேறாமல் இருக்கத் தண்ணீர் ஓட விட வேண்டும். இயக்க ஐந்து ஆட்கள். நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும். ஒரு மில்லிவோல்ட்டுக்குப் படத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரம், தகட்டின் வேகம் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் என்று அளவையும் அவரே ஒழுங்குபடுத்தினார். யார் எங்கே எடுத்தாலும் படம் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான். ஸ்டாண்டர்டு என்று வாத்தியார்கள் நம் உயிரை எடுக்கிறார்களே, அதன் அருமை இங்கே புரியும்.

டெலிபோன் கம்பியில் வந்த இதயம்

270 கிலோவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக முடியாது. படுத்த படுக்கையில் உள்ள நோயாளியை லேபுக்கும் கொண்டுவர முடியாது. ஐந்தோவன் என்ன செய்தார்? லைடன் ஆஸ்பத்திரிக்கும் தன் லேபுக்கும் இடையே சுமார் ஒன்றரை கிலோமீட்டருக்கு டெலிபோன் கம்பியை இணைத்தார். 1905-இல் ஆஸ்பத்திரியில் இருந்தவரின் இதயத்துடிப்பு லேபில் பதிவானது. மறு வருஷமே அந்தப் பதிவுகளைக் கட்டுரையாக வெளியிட்டார்.

அந்தப் பதிவுகளில் ஒன்று இதய அடைப்பு நோய். ரத்தக்குழாய் அடைப்பு வேறு, இது வேறு. இதயத்தின் மேல் அறையில் பிறக்கிற சிக்னல் கீழ் அறைக்கு வந்து சேராமல் வழியில் நின்றுவிடும். ஒயர் கட் ஆன மாதிரி. மேல் அறை ஒரு தாளத்திலும் கீழ் அறை அதைவிட மெதுவான வேறு தாளத்திலும் துடிக்கும். ஆள் மயங்கி விழுவார். என் பெரியப்பாவுக்கு வந்தது இதே நோய்தான். நூறு வருஷத்துக்கு முன் ஒரு டெலிபோன் கம்பியில் வந்த அதே படம் அவருடைய ஃபைலிலும் இருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

முக்கோணம்

அடுத்து அவர் செய்தது, நமக்கு மிக முக்கியமானது. வலது கை, இடது கை, இடது கால். இந்த மூன்று புள்ளிகளையும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூலைகளாக எடுத்துக்கொண்டு, நடுவில் இதயம் இருப்பதாக வைத்தார். இரண்டு கைகளுக்கு இடையே அளந்தால் முதல் லீடு. வலது கைக்கும் காலுக்கும் இடையே இரண்டாவது. இடது கைக்கும் காலுக்கும் இடையே மூன்றாவது. முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் இரண்டாவது வரும். கிர்க்காஃப் விதிதான், வேறொன்றுமில்லை. இதற்கு ஐந்தோவன் முக்கோணம் என்றே பெயர். அவர் இதை விளக்கி எழுதியது 1912, 1913 வாக்கில்.

லண்டனில் தாமஸ் லூயிஸ் இந்தக் கருவியை வைத்து ஏராளமான நோயாளிகளைச் சோதித்து, கருவியின் பயனை டாக்டர்களுக்குக் காட்டினார். கேம்பிரிட்ஜில் ஒரு கருவிக் கம்பெனி அதை விற்பனைக்குச் செய்தது. 1924-இல் ஐந்தோவனுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பரிசுப் பணம் வந்ததும், ஆரம்ப நாளில் கருவி செய்யத் துணையாக இருந்த பட்டறை உதவியாளரைத் தேடினாராம். அவர் இறந்துவிட்டார், அவருடைய இரண்டு சகோதரிகள் கஷ்டத்தில் இருந்தார்கள். அவர்களுக்குப் பரிசில் பாதியைக் கொடுத்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஃபிட்டரையும் டெக்னீஷியனையும் மறக்காத விஞ்ஞானி!

அவருடைய மகன் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். அப்பாவும் மகனும் சேர்ந்து நூலை வெற்றிடத்துக்குள் வைத்து இன்னும் நுட்பமான கருவி செய்தார்கள். ஜாவாவுக்கும் ஹாலந்துக்கும் இடையிலான ரேடியோ சிக்னலைப் பிடிக்க அது பயன்பட்டது. பிறந்த மண்ணிலிருந்து வந்த செய்தியைத் தன் நூலிலேயே கேட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1927 செப்டம்பரில், 67-ஆவது வயதில், லைடனில் காலமானார்.

கேட்கிற கருவி

இப்போது பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தோவன் மறைந்து 31 வருஷம் கழித்து, 1958 அக்டோபர் 8-ஆம் தேதி, ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அவருக்கும் இதய அடைப்பு நோய்தான். ஆபரேஷன் செய்தவர் ஓகே சென்னிங். கருவியைச் செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட், ஈ.சி.ஜி. பதிவுக் கருவி செய்து ஏற்கெனவே பெயர் வாங்கியவர். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து, அதில் எபாக்ஸி பிசினை ஊற்றி அந்தப் பேஸ்மேக்கரை வார்த்தார். முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது, உடனே மாற்றினார்கள். அப்படி வாழ்நாளில் 26 கருவிகள் மாற்றிக்கொண்ட லார்சன் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார்!

அந்தக் காலத்துப் பேஸ்மேக்கர் வாயால் மட்டும் பேசும், காதால் கேட்காது. இதயம் துடித்தாலும் துடிக்காவிட்டாலும் தன்பாட்டுக்குத் துடிப்பு கொடுத்துக்கொண்டே இருக்கும். 1960-களில் கேட்கிற கருவி வந்தது. இதயம் தானாகத் துடித்தால் பேசாமல் இருக்கும்; துடிப்பு வரவில்லை என்றால்தான் கொடுக்கும். அதற்காக அது இதயத்துக்குள்ளேயே ஒயரை வைத்துச் சில மில்லிவோல்ட் சிக்னலை இரவும் பகலும் கவனிக்கிறது. அதாவது பெரியப்பா நெஞ்சுக்குள் ஒரு சின்ன ஐந்தோவன் உட்கார்ந்திருக்கிறார்.

இங்கேதான் மின் அக்குபஞ்சர் குறுக்கே வருகிறது. சாதாரண அக்குபஞ்சரில் வெறும் ஊசி, கரண்ட் கிடையாது. அதனால் பேஸ்மேக்கரின் காதில் எதுவும் விழாது. மின் அக்குபஞ்சரில் இரண்டு இரண்டு ஊசிகளாகக் கிளிப் மாட்டி, ஒரு பெட்டியிலிருந்து துடிப்பு துடிப்பாகக் கரண்ட் கொடுப்பார்கள். வினாடிக்கு 2 முதல் 100 துடிப்பு வரை வைப்பது வழக்கம். ஊசி தோலைத் தாண்டி உள்ளே போய்விடுவதால் தோலின் தடையும் பெரிதாக இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். 2 மில்லிஆம்பியர், ஊசிகளுக்கு இடையே 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓம் விதிப்படி 2 வோல்ட். அதாவது 2000 மில்லிவோல்ட். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு பேஸ்மேக்கர் ஒயருக்குப் போய்ச் சேர்ந்தாலும் 2 மில்லிவோல்ட் ஆகிவிடும். அது இதயமே பேசுகிற அளவு! வினாடிக்கு 2 துடிப்பு என்றால் நிமிஷத்துக்கு 120. இதயம் நன்றாகத்தானே துடிக்கிறது என்று கருவி நம்பி வாயை மூடிக்கொள்ளும். சொந்தத் துடிப்பு இல்லாத ஆளுக்கு அந்த நேரத்தில் இதயம் நின்றுபோகும். தலைசுற்றும், மயக்கம் வரும். வேகமான துடிப்பாக இருந்தால் இது வெளிச் சத்தம் என்று பல கருவிகள் கண்டுபிடித்து, பழைய காலம்போல நிலையான வேகத்தில் துடிப்பு கொடுக்கத் தொடங்கும். அதை எல்லா நேரமும் நம்பிவிட முடியாது.

ஐ.சி.டி. என்று இன்னொரு கருவி உண்டு. 1980-இல் அமெரிக்காவில் முதன்முதலாக மனிதருக்கு வைத்தது. இதயம் தாறுமாறாகத் துடித்தால் உள்ளேயே ஷாக் கொடுத்துச் சரி செய்யும். அதற்குக் காது இன்னும் கூர்மை. வெளிக் கரண்டைப் பார்த்து இதயம் கெட்டுவிட்டது என்று நினைத்தால், நல்ல நினைவோடு இருக்கும் ஆளுக்கு ஷாக் விழும். மின் அக்குபஞ்சரால் அப்படித் தேவையில்லாமல் ஷாக் விழுந்த ஒருவரைப் பற்றி 2005-இல் ஐரோப்பிய இதய மருத்துவ இதழ் ஒன்றில் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சரி, எங்கே ஊசி மாட்டினால் ஆபத்து அதிகம்? இதற்குத்தான் ஐந்தோவன் முக்கோணம். வலது கைக்கும் இடது கைக்கும் நடுவே அவரால் இதயத்தைக் கேட்க முடிந்தது என்றால், அதே இரண்டு கைகளில் கரண்ட் கொடுத்தால் அது இதயத்தின் வழியாகத்தான் குறுக்கே போகும். கேட்ட வழிதான் கொடுக்கிற வழியும். கைக்கும் காலுக்கும் இடையே கொடுத்தாலும் அதே கதைதான். இரண்டு கிளிப்பும் ஒரே காலில், முழங்காலுக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நெஞ்சுக்கு வருகிற பங்கு மிகக் குறைவு. பேஸ்மேக்கர் ஒயரிலும் வித்தியாசம் உண்டு. ஒயர் நுனியிலேயே இரண்டு முனையும் அடுத்தடுத்து இருந்தால் வெளிச் சத்தம் அவ்வளவாக ஏறாது. ஒரு முனை இதயத்திலும் மற்றது தோளுக்குக் கீழுள்ள கருவியின் கூட்டிலும் இருந்தால் பெரிய ஏரியல் மாதிரி எல்லாவற்றையும் பிடிக்கும்.

ஆனால் குறைவு என்பது வேறு, இல்லவே இல்லை என்பது வேறு. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இந்தக் கரண்ட் சிகிச்சையே வேண்டாம் என்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். மார்பைத் தாண்டாமல், ஈ.சி.ஜி.யைப் பார்த்துக்கொண்டே செய்யலாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். கருவியைப் புரோகிராம் செய்கிற இதய டாக்டர் சொல்வதுதான் முடிவு.

எங்கள் பெரியப்பா போன சிகிச்சை இடத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. கைகளிலும் முழங்காலிலும் ஊசி குத்திவிட்டு, கிளிப்பைக் கையில் எடுத்துவிட்டார்கள். நெஞ்சில் கருவி ஏதாவது இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்துச் சந்தேகப்பட்ட பெரியப்பாவே இதில் கரண்ட் வருமா என்று விசாரித்து, சட்டைப் பித்தானைக் கழற்றித் தோளுக்குக் கீழே இருந்த மேட்டைக் காட்டினார். அப்புறம்தான் கிளிப்பைக் கீழே வைத்தார்கள். அன்று வெறும் ஊசியோடு வீடு வந்தார். அவருடைய இதய டாக்டரைக் கேட்டபோது, கரண்ட் வேண்டாம், வெறும் ஊசி போதும் என்று சொல்லிவிட்டார். வலி ஓரளவு குறைந்திருக்கிறது.

நமக்கு என்ன வேலை?

தோழர்களே, நாளைக்கு இந்தப் பெட்டிகளைச் செய்யப் போகிறவர்கள், விற்கப் போகிறவர்கள், ரிப்பேர் பார்க்கப் போகிறவர்கள் நாம்தான். பிசியோதெரபியில் ஒட்டிக் கரண்ட் கொடுக்கும் பெட்டிக்கும் இதே நியாயம் பொருந்தும். மெக்கானிக்கல் நண்பர்களே, ஆர்க் வெல்டிங்கும் அப்படித்தான். பேஸ்மேக்கர் வைத்தவர் டாக்டரைக் கேட்காமல் ஹோல்டரைப் பிடிக்கக் கூடாது. ஒரு பெட்டியைக் கொண்டுபோய் ஓரிடத்தில் வைக்கும்போது, அதை இயக்குகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்: கிளிப் மாட்டும் முன் நோயாளியின் நெஞ்சில் கருவி இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் அட்டை ஒன்று தருவார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், அந்த அட்டை பீரோவில் இல்லாமல் எப்போதும் அவர்கள் சட்டைப் பையிலேயே இருக்கும்படி பாருங்கள்.

ஒரு மில்லிவோல்ட்டைத் தெளிவாகக் கேட்பதற்காக 270 கிலோ கருவியோடு வருஷக்கணக்கில் பாடுபட்டார் ஐந்தோவன். அந்த ஒரு மில்லிவோல்ட்டின் மேல் நாம் 2000 மில்லிவோல்ட்டைக் கொட்டும் முன் ஒரு கேள்வி கேட்க அரை நிமிஷம் ஆகுமா?